அறுபத்திரண்டு பேர் பட்டியல்

பொற்கொடிக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் சீக்கிரம் போகாது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டப் போன அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். டிப்ளமோ முடித்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குக் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். எட்டு வருடம் ஓடி 2016 வந்தும் அவள் கான்ட்ராக்ட்தான்.

மையத்துக் கூரையில் மூன்று வைஃபை பெட்டிகள். மூன்றும் ஒரே சேனலில், ஒரே அலைவரிசையில் கிடந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீடு மாதிரி ஒன்றையொன்று கெடுத்தன. ஆளுக்கொரு சேனலாக மாற்றலாம் என்று பொற்கொடி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மேலாளர் தெய்வசிகாமணி அதைப் படித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நெட் திணறுவதற்கு அவர் கண்ட காரணம் வேறு. "கான்ட்ராக்ட் ஆளுங்க எல்லாம் போனைப் புடிச்சிக்கினு உக்காந்தா நெட் எங்கம்மா வரும்? பெர்மனென்ட் போன் அறுபத்திரண்டு. லிஸ்ட் இந்தா. இதை மட்டும் உள்ள விடு."

"அதனால இல்லைங்க சார். சேனலை மாத்தினா..."

"சொன்னதைச் செய்மா. உன் ரினீவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்குது."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஒவ்வொரு போனுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அறுபத்திரண்டையும் அடித்து, மற்ற போன்களைத் தடுக்கும் ஃபில்டரைப் போட்டு, சேவ் கொடுத்தாள். அந்த நொடியே அவள் போனும் வெளியே போனது.

மூன்றாம் நாள் கேன்டீன் கண்ணகி வந்து நின்றாள். ஷிப்ட் பட்டியலைப் பலகையில் ஒட்டுவதை நிறுத்திப் பல மாதமாகிறது. இப்போதெல்லாம் போனில், அதுவும் மையத்து வைஃபையில்தான் அது திறக்கும். அவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். பார்க்க வழியில்லாமல் வழக்கம்போல் மத்தியானம் வந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

"அடைச்சது யாரு?"

"சார் சொன்னாருக்கா."

"சொன்னது அவரு. அமுக்கினது உன் கையி."

பொற்கொடிக்கு முதல் கோபம் தன்மேல்தான் வந்தது. தெரிந்தே செய்தேனே என்று அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வியாழன். தெய்வசிகாமணி மீட்டிங் போன நேரம் பார்த்து செட்டிங்ஸைத் திறந்தாள். ஃபில்டரை எடுத்தாள். பெட்டிகளுக்கு ஒன்று, ஆறு, பதினொன்று என்று தனித்தனி சேனல் கொடுத்தாள். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழையாதபடி பவரைக் குறைத்தாள். மொத்தம் அரை மணி நேர வேலை.

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். நெட் பறந்தது. தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. "கான்ட்ராக்ட் போனை எல்லாம் கட் பண்ணேன் சார். அந்த ஸ்பீடுதான் இது."

புரொஜெக்டர் அருகே நின்ற பொற்கொடி செட்டிங்ஸ் பக்கத்தைத் திரையில் போட்டாள். "இப்ப நூத்திப் பதினேழு போன் உள்ள இருக்குதுங்க சார். ஃபில்டர் வியாழக்கிழமையே எடுத்தாச்சு. மாத்தினது சேனலைத்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யாரைக் கேட்டு மாத்தின?"

"உங்களைத்தாங்க கேட்டேன். மூணு தடவை, எழுதி."

யாரையும் இனி அடைக்கக் கூடாது என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி எழுதி வைத்துவிட்டுப் போனார். கண்ணகிக்கு அதன்பின் ஷிப்ட் தவறவில்லை. பொற்கொடிக்குத்தான் அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிந்தது. ரினீவல் ஃபைல் மேசையை விட்டு நகரவே இல்லை. அவள் பண்ருட்டியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஐப்பசியில் இடி விழுந்து மூன்று பெட்டிகளும் கருகின. புதியவை மாட்டியதும் பழைய திணறல் திரும்பியது. தெய்வசிகாமணி போன் செய்தார். "அந்த சேனல் விஷயம் எப்படிம்மா? இங்க யாருக்கும் தெரியல."

பொற்கொடி அவரை முழுதாகப் பேசவிட்டாள்.

"அறுபத்திரண்டு பேரு லிஸ்ட் வச்சிருக்கீங்களே சார். அவங்கள்ல யாரையாவது கேளுங்க."