சித்தப்பாவின் ஆட்காட்டி விரல்

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகப் புத்தி. ஒருமுறை அப்பா வண்டியிலிருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து, நாய் குறுக்கே ஓடியதாகச் சொன்னார். அந்த நாய் என்ன நிறம் என்று கேட்டு அடி வாங்கினேன். அதற்குப் பிறகும் திருந்தவில்லை. வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும் அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று, நான் தேடும் காரணம் இன்னொன்று.

அந்த வருடம் புளி தட்டும் காலத்தில் சித்தப்பாவின் விரல் நசுங்கியது. அடுத்த வாரம் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. சித்தப்பா அதில் சேரவேண்டும் என்று பெரியப்பா எப்போதோ முடிவு செய்திருந்தார். பெரியப்பா பழைய மிலிட்டரிக்காரர். விடிந்தும் விடியாமல் சித்தப்பா கம்பைநல்லூர் ரோட்டில் ஓடுவார், பெரியப்பா மொபெட்டில் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போவார். கேண்டீன், பென்ஷன், மரியாதை என்று பெரியப்பா சொல்லச் சொல்ல, பட்டாளம் என்பது சம்பளம் கொடுக்கும் சொர்க்கம் என்றே நான் நம்பினேன். அவர் காலுக்குள் எடுக்க முடியாத குண்டுச் சில்லு ஒன்று இருந்தது. குளிர் வந்தால் அந்தக் கால் விறைத்து வலியெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அதை எண்ணெய் போட்டு நீவிவிடுவது சித்தப்பாவின் வேலை. போக விருப்பமா என்று சித்தப்பாவை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது சித்தப்பா விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டெல்லாம் ரத்தம். புளி தட்டும்போது சுத்தி தவறிவிட்டதாம். எங்கள் ஊரில் புளி தட்டுவது பெண்கள் வேலை. பழத்தை இடது கையால் கல்மேல் பிடித்து, வலது கையால் சுத்தியை இறக்கினால் கொட்டை தெறித்து விழும். ஆண்கள் மூட்டை தூக்குவதோடு சரி. பக்கத்தில் அத்தை மட்டும்தான் இருந்தார். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்களே, புளிப் பக்கமே வராத சித்தப்பாவுக்கு அன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்?

பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "சுத்திய எந்தக் கையில புடிச்சீங்க?" என்று கேட்டார்.

"சோத்துக் கையிலதாங்க."

"அடி பட்டிருக்கறதும் சோத்துக் கைதானே?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா படத்தை உறைக்குள் போட்டார். பிறகு அப்பாவிடம், "இந்த வெரலு இனிமே சரியா மடங்காதுங்க. சாப்பிடலாம், எழுதலாம். துப்பாக்கி விசைய இழுக்க முடியாது. பட்டாளத்துல எடுக்க மாட்டாங்க" என்றார்.

எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் சுத்தியை வலது கையில் பிடித்து, அதே கையின் ஆட்காட்டி விரலை அடிக்கப் பார்த்தேன். எப்படித் திரும்பினாலும் முடியவில்லை. ஆக, அடித்தது வேறு ஆள். நேராக அத்தையிடம் போய்க் கேட்டேன்.

அத்தை மறைக்கவே இல்லை. "நாந்தான் கண்ணு அடிச்சிட்டேன். கை தவறிப் போச்சி" என்றார். வருஷத்துக்கு மூட்டை மூட்டையாகப் புளி தட்டியும் தன் நகத்தில்கூட ஒரு கீறல் வாங்காத கை அது.

அம்மா காதில் அது விழுந்துவிட்டது. "கூடப் பொறந்தவன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! உன் வாழ்க்கதான் போச்சி, அவனுதும் போவணுமா?" என்று வீடே அதிரக் கத்தினார். அத்தை சித்தப்பாவுக்குச் சோறு பிசையப் போய்விட்டார்.

அதன்பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தையைக் கவனித்தேன். அத்தைக்குத் தம்பிமேல் பொறாமை என்பது என் தீர்மானம். ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. அடிபட்டவர் அடித்தவர்மேல் கோபப்படவே இல்லை. அத்தை சோற்றை உருட்டிக் கொடுக்க, சித்தப்பா சின்னப்பிள்ளைபோல் வாங்கிச் சாப்பிட்டார். அத்தை அழுதால் சித்தப்பா இடது கையால் அவர் தோளைத் தட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் இப்படியா நடந்துகொள்வார்கள்?

வெளியூர் போயிருந்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். அன்றைக்கு அத்தையை வீட்டைவிட்டே துரத்திவிடுவார் என்று அம்மாவே பயந்துபோய் வாசலில் நின்றார். பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு வந்து சித்தப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

"எங்க ரெஜிமெண்டுலயும் சில பசங்களுக்கு இதே வெரலு இப்பிடித்தாண்டா போச்சி" என்றார்.

சித்தப்பா, "அண்ணா..." என்று ஆரம்பித்தார்.

"பேசாத இரு." அத்தையிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, மருந்து வைத்து, அவரே புதுக்கட்டுப் போட்டுவிட்டார். அம்மாவைப் பார்த்து, "இனிமே இதப் பத்தி இந்த வூட்டுல யாரும் அவள ஒரு வார்த்த கேக்கக் கூடாது" என்றார். சித்தப்பா பெரியப்பாவின் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

கட்டுப் போட்ட வலி என்று நினைத்தேன். அந்த அடியைக் கேட்டு வாங்கியவர் சித்தப்பாதான் என்பதோ, கேட்டதற்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு சுத்தியை இறக்கியவர் அத்தை என்பதோ, அத்தனை துப்புத் துலக்கிய என் மண்டையில் ஏறவில்லை. பெரியப்பா சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பட்டாளத்தில் சேருவதற்கு முன்பே பட்டாளத்துக் காயம் வாங்கியவர் எங்கள் சித்தப்பா என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.