சவுரியம்மாளின் ஆறாவது குடிசை

சவுரியம்மாளால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று அவள் புருஷன் இருதயராஜ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன் அவன். ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை குடிசையைப் பிரித்துக் கட்ட வைத்தவள் அவள்.

கெடாரில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த இருவரும் 1935இல் முள்ளுமேட்டுக்கு வந்தார்கள். டவுன் எல்லைக் கல்லைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி இருபது குடிசைகள். தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து ஏரிக்குப் போகவேண்டும்.

மறுவருஷம் ஆனி மாதத்தில் ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. இருதயராஜ் டவுன் மருத்துவச்சியிடம் ஓடினான்.

"வூடு எங்க?"

"முள்ளுமேடுங்க."

"கல்லுக்கு அந்தாண்ட வர எனக்கு உத்தரவு இல்லப்பா. வண்டி வச்சி இட்டுக்கினு வா, பார்க்கறேன்."

அவன் வண்டி பிடித்துத் திரும்புவதற்குள் பக்கத்துக் குடிசை அஞ்சம்மாள் பிள்ளையை எடுத்துவிட்டிருந்தாள். ஆண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அது அழவேயில்லை.

உடம்பு தேறுவதற்கு முன்பே சவுரியம்மாள் குடிசையைப் பிரிக்கச் சொன்னாள். டவுனுக்குள் சாலையோரம் கட்டினார்கள். புறம்போக்கு என்று எழுப்பிவிட்டார்கள். குளக்கரையில் கட்டினார்கள், மழையில் தண்ணீர் ஏறியது. அரிசி மில்லுக்குப் பின்னால் கட்டினார்கள். 1942இல் ஜப்பான்காரர்கள் குண்டு போடப் போகிறார்கள் என்று பட்டணத்துக் குடும்பங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்க, மில்காரர் அந்த இடத்தை அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். கடைசியில் சந்தைக்குப் பின்னால் ஓர் இடம் நிலைத்தது. சேரிக் கிணறு கூப்பிடு தூரம். குப்பை வண்டி வந்தது. மகள் பொன்னி, டவுன் மருத்துவச்சி கையில் பிறந்தாள்.

"இனிமேயாவது உக்காருவியா?" என்றான் இருதயராஜ்.

அவள் உட்காரவில்லை. வேலை முடிந்ததும் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு முள்ளுமேட்டுக்குப் போய் அஞ்சம்மாளைப் பார்த்துவிட்டு வருவாள்.

1944 கோடையில் ஏரி வற்றிக் குட்டையானது. முள்ளுமேட்டில் காலரா. பத்து நாளில் ஏழு பேர் போனார்கள். அஞ்சம்மாளின் புருஷனும் அதில் ஒருவன். அதே வாரம் டவுனில், எல்லைக் கல் வரைக்கும், வீடு வீடாக ஊசி போட்டார்கள். சவுரியம்மாளுக்கும் போட்டார்கள். வீங்கிய கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்னவோ போல இருந்தது. அன்று அவள் கஞ்சி குடிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கார் மனு வாங்கும் ஜமாபந்தி நடந்தபோது, முள்ளுமேட்டுக்குக் கிணறு வேண்டும் என்று மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் புரட்டினார்.

"நீ எந்தத் தெரு?"

"சந்தைக்குப் பின்னாலங்க."

"அந்த ஊரு கெணத்துக்கு அந்த ஊரு ஆளுதாம்மா கேக்கணும். உனக்கின்னா பேஜாரு?"

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். "அங்கியே போய்டலாம். அங்க இருந்துக்கினு கேட்டாத்தான் காயிதத்த வாங்குவாங்களாம்."

"கெணத்த வுட்டுட்டு ஏரித் தண்ணிக்கா? புள்ளய வச்சிக்கினு?"

"காச்சிக் குடுக்கறேன்."

"ஒருத்தன் பொண்டாட்டி இப்பிடிப் பண்ணுவாளா?"

மூன்று நாள் அவன் ரயிலடியிலேயே சாப்பிட்டான். நான்காம் நாள் வேலைக்குப் போகாமல், கூரை மேல் ஏறிக் கீற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அதன்பிறகு இரண்டு ஜமாபந்திகளுக்கு முள்ளுமேட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பயந்தவர்களின் விரலைப் பிடித்து மையில் அழுத்தினாள். 1947 மாசியில் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

"இதுக்காடி எங்கள இந்த அலை அலைய வச்சே?" என்றாள் ஒருத்தி. துணி துவைக்க மட்டும் ஆயிற்று அந்தக் கிணறு. இருதயராஜ் ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் மறுபடி மனுவோடு நடந்தாள். மறுவருஷம் மேட்டின் கீழ்ப்பக்கம் இரண்டாவது கிணறு. அஞ்சம்மாள் முதல் வாளியை இறைத்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். சவுரியம்மாள் நின்றபடியே குடித்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள்.

அந்த வருஷ மழையில் முள்ளுமேட்டுப் பாதை முழங்கால் சேறாகி வண்டிகள் சிக்கின. இருதயராஜ் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மனு எழுதுகிறவரைப் பார்க்கப் போயிருப்பதாக அஞ்சம்மாள் சாவியைக் கொடுத்துச் சொன்னாள். அவன் காலைக் கழுவிக்கொண்டு, தானே அடுப்பைப் பற்றவைத்தான்.