சுக்கிரனுக்கு ஒரு கல்: தேனி முதல் போடிமெட்டு வரை

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று நின்று நின்று போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மூணாறு, மேகமலை பார்க்கப் போகிறவர்கள் இந்த வழியில் நிறையப் பேர். நான் போனது என் தங்கை விஜயாவுக்கு ஓப்பல் கல் பார்த்து எடுத்துக் கொடுக்க.

விஜயாவுக்குத் தேவாரத்தில் வீடு. கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. அவள் புருஷன் பாண்டி, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். போன ஆடியில் மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் போனவன், அங்கே ஒரு பெண்ணோடு தங்கிவிட்டான். போடியில் ஒரு ஜோசியர் விஜயாவின் ஜாதகத்தைப் பார்த்து, சுக்கிரன் கெட்டிருக்கிறது, ஓப்பலை வெள்ளியில் கட்டி வெள்ளிக்கிழமை விரலில் போட்டால் போனவர் திரும்புவார் என்று சொல்லியிருக்கிறார். நான் மதுரையில் ஒரு நகைக்கடையின் கல் பிரிவில் இருக்கிறேன். "நீ பாத்து எடுத்தாத்தான்க்கா சரியா அமையும்" என்று போனில் அழுதாள்.

தேனி பஸ் ஸ்டாண்டில் அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சாப்பிட்டாயா என்றதற்கு, "கல்லு வாங்கிட்டுச் சாப்புடுவோம்க்கா" என்றாள்.

நகைக்கடைத் தெருவில் மூன்றாவது கடையில்தான் ஓப்பல் இருந்தது. கடைக்காரர் ஒரு தட்டில் பஞ்சு விரித்து, பதிக்காத கற்களாக ஏழெட்டை வைத்தார். மஞ்சள் விளக்குக்குக் கீழே எல்லாமே ஜொலித்தன. விஜயா உடனே இருப்பதில் பெரியதைத் தொட்டாள். நான் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டேன். ஓப்பலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கையில் வைத்துத் திருப்பத் திருப்ப, எந்தப் பக்கத்திலிருந்தும் நிறம் தெரிய வேண்டும். அவள் தொட்ட கல்லைப் பக்கவாட்டில் பிடித்தேன். மயிரிழை மாதிரி நேர்கோடு ஒன்று ஓடியது. மெல்லிய ஓப்பல் தகட்டைக் கறுப்புக் கல்மேல் ஒட்டியது அது. தண்ணீரில் புழங்கினால் ஒருநாள் பிரிந்துவிடும்.

"ஒட்டுக்கல்லு" என்றேன்.

"நான் இல்லேன்னு சொல்லலையே மேடம், வெலையும் கம்மிதான்" என்றார் கடைக்காரர்.

இன்னொன்றில் உள்ளே விரிசல் இருந்தது. மற்றொன்றின்மேல் ஈர விரலை வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தியோப்பியக் கல். தண்ணீரைக் குடித்து நிறம் மங்கும், காய்ந்தால் திரும்பும். ஆனால் எண்ணெயும் சீயக்காயும் உள்ளே இறங்கிவிட்டால் பழைய நிறம் வருவது சந்தேகம். கடைசியில், பால் வெள்ளையில் பச்சையும் ஆரஞ்சும் ஓடிய சின்னக் கல் ஒன்றை எடுத்தேன். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். விஜயா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரருக்குக் கேட்காமல் கேட்டாள்: "இதுக்கு அவுக வருவாகளாக்கா?"

"கல்லு யாரையும் கூட்டிட்டு வராது விஜயா."

"தெரியும்க்கா. வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

ஓட்டலில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். புதன்கிழமைதோறும் மத்தியானம் பாண்டி போடிமெட்டுக்கு ஆள் இறக்க வருவானாம். "நீ ஒரு வார்த்த பேசுக்கா. நீ சொன்னா கேப்பாக."

தேனியிலிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர். அங்கே மூணாறு பஸ்ஸில் மாறி, மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலையில் ஏறினோம். மேட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழே போனது. தென்னந்தோப்புகள் பாசி படர்ந்த மாதிரித் தெரிந்தன. ஜன்னலோரத்தில் இருந்தும் விஜயா எதையும் பார்க்கவில்லை. கல் இருந்த காகித மடிப்பை இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள்.

மேட்டில் இரண்டு மாநிலச் செக்போஸ்ட்டுகளுக்கு நடுவே பனி நகர்ந்துகொண்டிருந்தது. டீக்கடை ஓரத்தில் ஜீப். பாண்டி எங்களைப் பார்த்ததும் ஓடி ஒளிவான் என்று நினைத்திருந்தேன். நேரே வந்தான்.

"மதினி, எப்ப வந்தீக?" என்று கேட்டு மூன்று டீ சொன்னான். விஜயாவிடம், "என்ன, இப்பிடி மெலிஞ்சுட்ட?" என்றான். அந்த ஒரு கேள்விக்கே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வீட்டுக்கு எப்ப தம்பி வரப்போறீக?" என்றேன்.

அவன் டீ கிளாசைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். "பையன் பொறந்துருக்கான் மதினி. ஒரு மாசம் ஆகப்போகுது. இனிமே எப்பிடி வர?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். விஜயா முந்திக்கொண்டாள்.

"புள்ள யாரு சாடை?"

"எஞ்சாடைங்கிறாக."

அவள் தலையை ஆட்டினாள். டீயைக் குடித்து முடித்தாள். "வெரசா எறங்குங்க மதினி, பனி கூடிக்கிட்டு வருது" என்று சொல்லி அவன் ஜீப்பில் ஏறிப் போனான். கல்லைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இறங்குகிற பஸ் ஐந்தாறு வளைவுகளைத் தாண்டியது. பிறகு நான் சொன்னேன்: "கல்லத் திருப்பிக் குடுத்துருவோம். நான் பேசுனா அந்தக் கடைக்காரரு வாங்கிக்கிருவாரு."

"வேணாம்க்கா."

"இனி எதுக்குடி அது?"

"இதையும் குடுத்துட்டா, காலையில நான் எதுக்குக்கா எந்திரிக்கணும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். சோப்புத் தண்ணீர் படலாமா? வேண்டாம், பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி வை என்றேன். அடுப்புச் சூடு? ஆகாது, வெடித்துவிடும். இடித்துக்கொண்டால்? உடைந்துபோகும், அது உறுதி குறைந்த கல். அழுக்கானால்? ஈரத்துணியால் துடைத்து நிழலில் வை. பஞ்சில் தனியாக வை, மற்ற நகையோடு போடாதே. ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள். அவ்வளவு கவனமாக அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

போடியிலிருந்து தேவாரத்துக்குக் கடைசி வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குப் போகும் முன்பே, வெள்ளியில் கட்டித் தரச் சொல்லிக் கல்லை ஆசாரியிடம் கொடுத்தாள். மறுநாள் காலை எனக்குக் கடை இருந்தது. விஜயா பஸ் நிறுத்தம் வரை வந்தாள். மலைமேல் வெயில் விழுந்து, முந்தின நாள் நாங்கள் ஏறிய பக்கம் துல்லியமாகத் தெரிந்தது. ஆசாரி நாளைக்கு மோதிரத்தைத் தந்துவிடுவார் என்றாள்.

"போட்டா எத்தன நாள்ல தெரியும்க்கா?"

மதுரையில் கல் வாங்க வருகிறவர்களில் தினம் ஒருவராவது இதைக் கேட்பார்கள். ஜோசியரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பேன். பஸ் வந்து நின்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு மண்டலம் ஆகும்" என்றேன்.

அது எந்த மாதத்தில் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பஸ் கிளம்பும்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். மண்டலம் முடிந்த மறுநாள் அவள் போன் செய்வாள். அப்போது என்ன சொல்வது என்று ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, ஆரப்பாளையத்தில் இறங்கிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.