சாமிக்கு அடித்த கத்தி

திருத்தணியில் தேசப்பனிடம் கத்தி வாங்குவது பெண் எடுப்பதைவிடக் கஷ்டம் என்பார்கள். பெண் வீட்டிலாவது காபி கொடுப்பார்கள். தேசப்பன் ஒரு புளியங்கட்டையைக் காலால் தள்ளிவிட்டு, "வெட்டு, பாக்கலாம்" என்பான்.

வாங்க வந்தவர் அவன் எதிரிலேயே வெட்டிக் காட்ட வேண்டும். இளநீர்க்காரர் இளநீரோடு வருவார், கறிக்கடைக்காரர் எலும்போடு வருவார். ஒன்றும் கொண்டுவராதவருக்குத்தான் புளியங்கட்டை. கை எப்படிப் பிடிக்கிறது, கால் எங்கே நிற்கிறது, ஓங்கும்போது கண் எதைப் பார்க்கிறது என்று கவனிப்பான். திருப்தியானால் கத்தியைத் தரையில் வைப்பான், அவரே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று அவன் வீட்டில் ஒரு நம்பிக்கை. திருப்தி இல்லாவிட்டால், கடைத்தெருவில் பளபளவென்று வைத்திருக்கிறான், போய் வாங்கிக்கொள் என்று உலைப்பக்கம் திரும்பிவிடுவான்.

இது அவனுக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. கனகம்மாசத்திரத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறையில் வருஷக்கணக்காகக் கிடந்தவன். பாரம் தாங்காமல் உடைந்து வந்த பட்டைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த இரும்பு வளையும், எது உடையும் என்பது கைக்குத் தெரிந்துபோயிற்று. மிஞ்சிய பட்டையில் வீட்டுக்கென்று ஒரு கத்தி அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கேட்டார், பிறகு அவர் மச்சான் கேட்டார். இப்போது அரக்கோணம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, உலை, காற்று ஊத ஒரு கரண்ட் மோட்டார் என்று ஆகியிருக்கிறது.

அவன் கத்தியில் அழகு என்று ஒன்றும் இருக்காது. அலகும் பிடியும் ஒரே இரும்பு. பிடிக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அறைந்துவிடுவான். உலையில் வந்த கறுப்பு அப்படியே இருக்கும், வெட்டுகிற வாய் மட்டும்தான் வெளுப்பு. பேர்கூடப் பொறிக்க மாட்டான். ஆனால் உடையாது. அதுதான் அவன் வீட்டில் முதல் பிரச்சினை. ஒரு தடவை வாங்கினவர் மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி மனைவி கெங்கம்மாளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த பிரச்சினை போலீஸ். பிறந்தநாள் கேக்கை நீளக் கத்தியால் வெட்டி, அதை போனில் படமெடுத்துப் போடுகிற பையன்கள் பெருகிவிட்டார்கள். படம் வந்த மறுநாள் பையன் ஸ்டேஷனில் இருப்பான். அதற்கு மறுநாள் சுற்றுவட்டாரத்தில் கத்தி அடிக்கிறவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் நிற்பார்கள். இனிமேல் முழத்துக்கு மேல் நீளமாக யார் அடித்த கத்தி சிக்கினாலும் அவர் கொட்டகையைப் பூட்டிவிடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் எச்சரித்திருந்தார். தேசப்பனுக்குப் பயத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. எலும்பை வெட்ட அடித்ததைக் கொண்டுபோய்க் கிரீமில் முக்குகிறான்களே என்று வயிறு எரிந்தது.

அப்படி ஒருத்தன் அவனிடமும் வந்தான். அம்மையார்குப்பத்துப் பையன், பெயர் ஜெயப்பிரகாஷ். கை நீளத்துக்குக் கத்தி வேண்டும் என்றான். தேசப்பன் கட்டையைத் தள்ளினான். பையன் ஒரு கையால் வெட்டிக்கொண்டே இன்னொரு கையால் தலைமுடியைச் சரி செய்தான். கத்தி கட்டையில் பட்டுத் துள்ளியது.

"ஒனக்கு முடிதான் வெட்டணும். அதுக்கு மலை மேல ஆளு இருக்குது, போ" என்று தேசப்பன் விரட்டிவிட்டான்.

சில மாதம் கழித்து வந்த குணசேகரன் வேறு மாதிரி ஆள். விசைத்தறி வைத்திருக்கிறவர், நெற்றி நிறைய விபூதி, அதிர்ந்து பேசாதவர். அக்கா மகனுக்கு வேலை கிடைத்தால் முனீஸ்வரனுக்குக் கத்தி நடுவதாக வேண்டிக்கொண்டாராம், வேலை கிடைத்துவிட்டதாம். அக்கா மகன் யார் என்று தேசப்பன் கேட்கவில்லை. கட்டையையும் தள்ளவில்லை. சாமி கத்திக்குச் சோதனை கிடையாது. ஒரு வெட்டு வெட்டினாலும் அது எச்சிலாகிவிடும், கோயிலில் நடும்வரை எதன் மேலும் படக் கூடாது. நீளமும் சாமிக்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும். முனீஸ்வரனுக்கு முழக் கத்தியைக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? போலீஸ் சொன்னது சாமிக்குப் பொருந்தாது என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

மற்ற பட்டறைகளில் சாமி கத்தியைத் தகட்டில் வெட்டி, பாலீஷ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மழையிலும் வெயிலிலும் நின்று துருப்பிடிக்கப் போவதுதானே. கெங்கம்மாள் அப்போதே சொன்னாள்.

"வெட்டாத கத்திக்கு எதுக்குய்யா லாரி பட்டைய போட்டு அடிச்சிகினு கெடக்கிற? தகடு போதும்."

தேசப்பனுக்குக் கை வரவில்லை. பக்தி என்றெல்லாம் சொல்ல முடியாது. தகட்டில் சுத்தியல் விழுகிற சத்தமே அவனுக்கு ஆகாது. பட்டையையே எடுத்தான். பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டி ஆறவிட்டு, நாளெல்லாம் உழைக்கப் போகிற கத்திக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தான். குணசேகரன் அதைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நடுவதாக இருந்தது. அதுவரை அது அவர் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. அக்கா மகனுக்கு வியாழக்கிழமை பிறந்தநாள். அந்த அக்கா மகன்தான் ஜெயப்பிரகாஷ். முனீஸ்வரனைக் கேக் முந்திக்கொண்டது.

படம் ஊரெல்லாம் சுற்றி, பையனைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே குணசேகரன் கொட்டகைக்கு ஓடி வந்தார். திருவிழாக் கடையில் வாங்கியதாகப் பையன் சொல்லியிருக்கிறான். வேண்டுதல் கத்தியில் கேக் வெட்டினான் என்று தெரிந்தால் குடும்பம் தலை காட்ட முடியாது. கூப்பிட்டுக் கேட்டால் அது உங்களுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று தேசப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். கெங்கம்மாளும் அதையே சொன்னாள். கொட்டகையைப் பூட்டினால் அடுப்பையும் சேர்த்துப் பூட்டியதுபோலத்தான். பேர் பொறிக்காதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்றாள். தேசப்பன் சரி என்று தலையாட்டினான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது தான்தானே என்று அவன் மேலேயே அவனுக்கு ஆத்திரம்.

ஸ்டேஷனில் மேஜை மேல் கத்தி கிடந்தது. பிடியின் ஓரத்தில் காய்ந்த கிரீம், அதில் எறும்பு. துடைத்துவிடக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான்.

இது உன்னுடையதா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார்."

அவர் நம்பித்தான் இருப்பார். கெடுத்தது ஏட்டு சிவப்பிரகாசம். மணவூர்க்காரர், அவர் வீட்டில் விறகு பிளப்பது தேசப்பன் கத்திதான். தேசப்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"தேசப்பண்ணன் கத்தி ஒடையாதுங்க சார், ஊருக்கே தெரியும். கல்லுல வெச்சி அடிச்சிப் பாத்துடலாம். ஒடைஞ்சா அவுருது இல்ல, அனுப்பிடலாம்."

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். உடைந்தாலும் இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டிக் கேஸுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஏட்டு அதற்கும் வழி சொன்னார். வேப்ப மரத்தடியில் ஒரு கருங்கல் கிடந்தது. தேசப்பனையே அடிக்கச் சொன்னார்கள்.

கத்தியை உடைக்கத் தெரியாதவனா அவன்? வாயால் வெட்டினால் உடையாது. படுக்கப் போட்டு, பிடியும் அலகும் சேருகிற இடத்தைக் கல்லின் விளிம்பில் வைத்து, மேலிருந்து இன்னொரு கல்லால் அடித்தால் ஊரில் இருக்கிற எந்தக் கத்தியும் அங்கேதான் போகும். அப்படியே வைத்தான். தன் கையால் அடித்த ஒன்றை, உடைந்துவிடு என்று வேண்டிக்கொண்டு ஓங்கினான்.

கிண்ணென்றது. வளைந்தது, நிமிர்ந்தது. மறுபடி அடித்தான். மறுபடி நிமிர்ந்தது. ஒடைஞ்சித் தொலையேன் சனியனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை ஓங்கி அடித்தான். கையிலிருந்த கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

உலகத்தில் இருக்கிற கத்திக்கெல்லாம் சோதனை வைத்தவன், இந்த ஒன்றை மட்டும் சும்மா விட்டிருந்தான். அதற்கும் சேர்த்து இங்கே நடந்து முடிந்தது. வாயில் ஒரு சில்லு பெயரவில்லை, பிடியில் ஒரு ஆணி அசையவில்லை. அந்த நேரத்திலும் உள்ளே எங்கோ ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மற்ற எல்லார் மேலும் இருந்த கோபத்தைவிட அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் அவனுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். தேசப்பன் கத்தியை அந்தக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான். அவர் அதைக் குனிந்து எடுத்தார்.

"யாருக்குய்யா அடிச்சே இத?"

"முனீஸ்வரனுக்குங்க சார்."

அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து பூட்டு ஒன்றை எடுத்து வரும்படி ஏட்டிடம் சொன்னார். சிவப்பிரகாசம் தேசப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல் பூட்டோடு வாசலுக்கு நடந்தார். தேசப்பன் அவர் பின்னால் போனான்.

கேட்டுக்கு வெளியே கெங்கம்மாள் காத்திருந்தாள். உள்ளே அடித்த சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது.

"ஒடைஞ்சிதா?" என்றாள்.

"கல்லுதான் ஒடைஞ்சிது."

அவள் ஏட்டின் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"தகடு போதும்னு அப்பவே சொன்னேனே, பாவி மனுசா."