உப்பில்லாத சாம்பார் ஜோக்

என் சாம்பாரைப் பற்றி என் கணவர் ஜோக் எழுதியது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். அப்போது அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. செங்கல்பட்டில் படிக்கும்போது ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்கு அனுப்பி, பேரும் ஊரும் போட்டு அச்சாகிவிட்டது.

கணவன்: "சாம்பார்ல உப்பே இல்லையே?"

மனைவி: "அழுதுகிட்டே சாப்பிடுங்க, சரியாயிடும்."

இவ்வளவுதான். கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் அவர் முதல் வரியைச் சொல்வார், நான் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "இன்னா, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்பார்.

பத்திரிகை மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போனதும், பைண்டு செய்த பழைய இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு நானே சிரிப்பேன். மேடைப் பேச்சைக் கிண்டலடித்த பக்கம், முடி வளரும் தைலத்துக்குப் போலி விளம்பரம், ராசிபலன் நையாண்டி. அடேயப்பா, வயிறு வலிக்கும்! அங்கெல்லாம் பெரிய மனுஷர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். ஜோக் பக்கத்துக்கு வந்தால் மட்டும் அதே பெண்டாட்டி, அதே பூரிக்கட்டை. பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

போன வருஷம் கோவளத்தில் ஐஸ் கம்பெனி நடத்தும் அவருடைய நண்பர், கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் பி.காம். படித்தவள். "திங்கக்கெழம வந்து சேந்துடு அண்ணி. வூட்ல ஒரு வார்த்த பேசிடு" என்றார். பேசினேன். "நீ கணக்கு பாத்தா ஐஸு உருகிடும்" என்று சிரித்துவிட்டு என் கணவர் டிவியைப் போட்டார். எப்போது பேச்சை எடுத்தாலும் இதே கதை. நேராகப் பேசினால் இந்த மனுஷன் காதில் ஏறாது, அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு ராசிபலன் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளிகள் சாப்பிட வந்திருந்தபோது வாசித்தேன். "கடக ராசிக் கணவர்களே! திங்கள் முதல் உங்கள் இல்லத்தரசி கோவளத்துக்கு பஸ் ஏறுவார். அடுப்பங்கரையில் உங்களுக்கு ராஜயோகம். பரிகாரம்: உப்பு எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டு வைக்கவும்."

வீடே அதிர்ந்தது. "அண்ணி, செம!" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். என் கணவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"இது ஜோக் இல்லைங்க. நாளைக்கு நான் நிஜமாவே போறேன்" என்றேன்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நான் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அசல் ஜோக் பக்கத்துப் படம்தான்.

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போனதும், புடவை மாற்றிக்கொண்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல ஐஸ் கம்பெனிக்காரருக்கு போன் செய்தேன். அவர் தயங்கினார்.

"இன்னா அண்ணி, நெசமாவா வர்ற? அந்த ராசிபலன நேத்தே குரூப்ல போட்டுட்டானே. வர்றதே ஜோக்குன்னு நெனச்சி வேற பொண்ண வரச் சொல்டேனே. அது வந்து சேந்துடுச்சு அண்ணி."

நண்பர்கள் குடும்பத்தோடு இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தேன். என் ராசிபலன். கீழே என் கணவர் பேர், செங்கல்பட்டு. வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். கட்டிய புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் சமைத்தேன். வேண்டுமென்றுதான் உப்புப் போடவில்லை. அவர் ஒரு வாய் வைத்தார், முகம் மலர்ந்தது.

"சாம்பார்ல உப்பே இல்லையே?"

என் வரிக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தார். மறுபடி சொன்னார். நான் என் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். சிரிப்பு மெல்ல வடிந்தது. கையைக் கழுவாமலே எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உப்பு எங்க கீது?"

தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.