இரண்டு கூம்புகளுக்கு நடுவே

ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. எனக்கு வந்த முதல் அறிகுறி அதுதான். தொப்பை வைத்துவிட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவின் தீயணைப்புப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு மூச்சுக் கோளாறு என்றால் எவன் நம்புவான்? நானே நம்பவில்லை.

வறட்டு இருமல் நாலு மாதம் நிற்காமல் போனதும், மனைவி சுமதி என்னைப் புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா 'பல்மனரி ஃபைப்ரோசிஸ்' என்றார் (நுரையீரலில் தழும்பேறி, நார்போல இறுகிப்போவது). இறுகிய இடம் திரும்பச் சரியாகாது, மேலும் இறுகுவதை மாத்திரையால் தள்ளிப்போடலாம் என்றார். அடுத்த மாதம் வந்து ஆறு நிமிட நடைச் சோதனை செய்துகொள்ளச் சொன்னார்.

முப்பது மீட்டர் நீள நடைக்கூடம், இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம், அதனால் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் விளக்கினார்கள். என் காதில் விழுந்தது 'டெஸ்ட்' என்ற ஒரே சொல். எங்கள் பிரிவில் வருஷாவருஷம் ஓட்டத் தேர்வு உண்டு. தேறாதவனை வண்டியிலிருந்து இறக்கி, ஆபீஸில் ரெஜிஸ்டர் எழுத உட்காரவைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் பதினைந்து நாள் குவார்ட்டர்ஸ் ரோட்டில் பயிற்சி எடுத்தேன். நடப்பதற்குப் பயிற்சி எடுத்த மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"காகா (சித்தப்பா), ஓடக்கூடாது, நடங்க" என்று டெக்னீஷியன் பெண் ஹிந்தியில் இரண்டு முறை சொன்னாள். நாலாவது நிமிடத்தில் நெஞ்சை பெல்ட் போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. கூம்பு வந்தால் திரும்பவேண்டும், திரும்பினால் எதிரே அடுத்த கூம்பு. வெளியே போக வழியே இல்லை என்று தோன்றியது. பயந்துபோனேன், ஆனாலும் நிற்கவில்லை.

முடிந்ததும் அவள் ஆக்சிமீட்டரோடு (விரலில் மாட்டி பிராணவாயுவை அளக்கும் கருவி) வந்தாள். கொரோனா சமயத்தில் வாங்கியது எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மாடியேறினால் எனக்கு எண்பத்தைந்துக்கு இறங்கும், உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். "முதலில் தண்ணி" என்று பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குடித்தேன். அப்புறம்தான் விரலை நீட்டினேன். தொண்ணூற்று மூன்று. இப்போதைக்கு ஆக்சிஜன் தேவையில்லை என்று டாக்டரம்மா எழுதினார். ஆபீஸில் நோயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கோடையில் டிப்போ வேலியோரம் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடித்தது. ஹோஸைப் பிடித்தபடியே மண்டியிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் பிடிக்கவேண்டிய ஹோஸைப் பின்னால் நின்ற ஜாதவ் ஒற்றை ஆளாகப் பிடித்து, உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டான். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் தண்ணீர் பாட்டில் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. "இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. எவ்வளவு ஆக்சிஜன் வேணும்னு உங்க உடம்பைத்தான் நான் கேட்டேன். நீங்க நடுவில் புகுந்து பதில் சொல்லிட்டீங்க" என்றார்.

சுமதிதான் வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "வண்டி வேலை போனா நீங்க ஆபீஸ்ல போய் உட்காருவீங்க. நீங்க போனா நான் எங்கங்க போய் உட்காருவேன்?" எனக்குத் தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் மறுபடி அதே நடைக்கூடம். இந்த முறை ஆக்சிமீட்டரை விரலோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாள் அந்தப் பெண். இரண்டு தரம் சுவரில் சாய்ந்தேன். இருநூற்று நாற்பது மீட்டர். பிராணவாயு எண்பத்தொன்று.

இந்தச் சோதனைக்குப் போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பயிற்சி எடுக்காதீர்கள். முடியாதபோது நில்லுங்கள். கேட்ட உடனே விரலை நீட்டுங்கள். என் சாமர்த்தியத்தில் நாலு மாதம் வீணாய்ப் போனது, அந்த நாலு மாதத்தில் நுரையீரலில் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது கட்டில் பக்கத்தில் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் மின்கருவி) ஓடிக்கொண்டே இருக்கிறது. மூக்கிலிருந்து அதுவரை இருபது அடி ட்யூப். சமையலறைக்கு எட்டும், வாசலுக்கு எட்டாது. குளிக்க அரை மணி, சட்டை போட ஆறு நிமிடம். ஒரு சட்டைக்கு ஆறு நிமிடமா என்று முன்பெல்லாம் சிரித்திருப்பேன்.

டிப்போவில் வாரம் ஒருமுறை டிரில்லுக்குச் சைரன் ஊதுவார்கள், குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். டிரில்தான் என்று தெரியும். ஆனாலும் கால் கேட்பதில்லை, நான் எழுந்து நாலு எட்டு வைத்துவிடுகிறேன். ட்யூப் இழுத்து, மூக்கில் வெட்டுகிறது. அங்கேயே நிற்கிறேன். சைரன் ஓயும்வரை சுமதி என்னை உட்காரச் சொல்வதில்லை.