செகேடாவின் மதிலும் ஸ்டெல்லா அக்காவும்

செய்தி வந்தபோது நான் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி றொபின் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவன் தெகிவளைப் பாலம் தாண்டித்தான் சுயநினைவுக்கு வந்தேன்.

டெங்கு. திங்கட்கிழமை காய்ச்சல். லீவு தரமாட்டார்கள் என்று புதன்கிழமை வரை வேலைக்கு வந்தார். சனிக்கிழமை இல்லை. அவருக்கு முப்பத்திமூன்று வயது. கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு வருடமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மூன்று தடவை முறைப்பாடு எழுதினார். அதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவர் வீட்டு மதிலைப் பார்க்க மட்டும் வந்தார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அவரை அறிந்தவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டம் அவருடைய தோட்டத்து ஆட்கள். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்: ஒரு பொதுக் குழாய், முதுகோடு முதுகு ஒட்டிய நாற்பது வீடு. மற்றக் கூட்டம், எங்களோடு சேர்ந்து ஒரு பழைய கணினி விளையாட்டைத் தமிழில் திருத்திச் செய்துகொண்டிருந்தவர்கள். ஸ்டெல்லா அக்கா விளையாட்டுச் செய்தவர் என்பது முதல் கூட்டத்துக்குத் தெரியாது. அவர் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வேலை செய்தார் என்பது இரண்டாவது கூட்டத்துக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பத்திரங்கள் தட்டச்சு செய்கிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் பழைய மடிக்கணினியைத் திறந்து விளையாடுவார். பண்டைக் காலத்து நாடு ஒன்றைத் தெரிவுசெய்து, ஊர் கட்டி, படை திரட்டி, ஆளுக்கொரு முறை என்று மாறிமாறி நகர்த்துகிற வியூக விளையாட்டு. எல்லோரும் ரோமைத்தான் எடுப்பார்கள். இல்லாவிட்டால் கார்த்தேஜ். இவர் எடுத்தது பெல்லி என்கிற இனக்குழு. இன்றைய ஸ்பெயினின் உள்நாட்டில் வாழ்ந்த கெல்டிபேரியக் குடிகளில் ஒன்று. கையில் ஒரே ஊர், பெயர் செகேடா.

"இதென்னக்கா, ஒரு ஊர வச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு நிப்பீங்கள்? ரோமை எடுத்தா வெல்லலாமே" என்றேன்.

அவர் சோற்றுப் பார்சலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரோம எடுத்து வெல்றதுக்கு மனுசன் என்னத்துக்கு மல்லி? அத கம்பியூட்டரே வெல்லும்." தம்பி என்பதை அவர் சிங்களத்தில் மல்லி என்றுதான் சொல்வார்.

அன்றிலிருந்து அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். அவர் ஒருபோதும் பழைய சேமிப்புக்கு, அதாவது ஆட்டத்தை முன்பு சேமித்துவைத்த இடத்துக்கு, திரும்பிப் போய்த் தோல்வியைத் திருத்தமாட்டார். தோற்றால் தோற்றதுதான், திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். முன்கோபி. வாதத்தில் தோற்கப்போகிறார் என்றால் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போவார். இறந்தவர் என்பதற்காக அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செகேடாவின் கதையை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். பெல்லிகள் தங்கள் ஊர் மதிலை நீட்டி உயர்த்திக் கட்டத் தொடங்கினார்கள். பக்கத்திலிருந்த சின்னக் குடிகளும் உள்ளே வந்து சேர்ந்தன. ரோம் நிறுத்தச் சொன்னது. புது ஊர் கட்டுவதில்லை என்று ஒப்பந்தம் இருக்கிறதே என்றது. புது ஊர் கட்டக்கூடாது என்றுதான் ஒப்பந்தம், இருக்கிற ஊரின் மதிலை உயர்த்தக்கூடாது என்று எங்கே இருக்கிறது என்று செகேடாக்காரர் திருப்பிக் கேட்டார்கள். ரோம் படையெடுத்தது. அதுவரை ரோமின் ஆட்சித் தலைவர்கள் மார்ச் நடுவில் பதவியேற்பது வழக்கம். இந்தப் போருக்கு நேரத்தோடு புறப்பட வேண்டுமென்று அதை ஜனவரி முதலாம் திகதிக்கு மாற்றினார்கள்.

"கடைசியில தோத்துத்தானே போச்சினம்? மதில் முடியிறதுக்கு முன்னமே ஊரை விட்டு ஓடினவை" என்றேன்.

"தோத்தது எனக்குத் தெரியாதா? ரோம்காரன்ட கலண்டர மாத்திட்டுத் தோத்தாங்க. நீ எங்கட மனேஜர்ட லஞ்ச் டைம ஒரு அஞ்சு நிமிசம் மாத்திக் காட்டு பாப்பம்."

இனி மதில் கதை. மழை பெய்தால் பின்வடிகால் பொங்கி ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்குள் வரும். அம்மா கட்டிலில் கிடக்கிறவர். ஆகவே அவரும் றொபினும் முழங்கால் உயரத்தில் இருந்த பின்மதிலை இடுப்பு உயரத்துக்குக் கட்டினார்கள். ஒரு அதிகாரி கடுதாசி ஒன்றோடு வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். பேச்சு சிங்களத்தில் நடந்தது. அனுமதியில்லாத கட்டுமானம், உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்து ஆட்களுக்குத் தெமட்டகொடையில் மாடிவீடு கொடுக்கும் பட்டியலில் பெயர் வராது என்றார் அவர்.

"மஹத்தயா, புதுசா ஒண்ணும் கட்டக்கூடாதுன்னுதானே கடுதாசியில இருக்கு? நாங்க புதுசா கட்டல்ல. இருந்தத உசத்தினோம். உசத்தக்கூடாதுன்னு எந்த வரியில இருக்குன்னு காட்டுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அதிகாரி கடுதாசியை இரண்டு தரம் வாசித்தார். அந்த வரி இல்லை. "வேற கடிதம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "செகேடாக்காரன் கேட்ட அதே கேள்வி. ரெண்டாயிரம் வருசமாகியும் இவன்கள்ட பதில் இல்ல பாத்தியா?"

எங்கள் திருத்த விளையாட்டில் பெல்லிகளை அவர்தான் செய்தார். ஊர், படை, கொடி எல்லாம். முதல் பதிப்பில் மதிலை அவ்வளவு பலமாக வைத்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து எங்கள் குழுவை நடத்தும் நிரோஷன் தலையில் கைவைத்தான். "அக்கா, ரோம் ஆமி எட்டு வருசமா அந்த மதிலுக்கு முன்னால நிக்குது. உள்ள போகவும் ஏலாது, திரும்பவும் தெரியாது."

"நிக்கட்டும்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "வெயில் ஒடம்புக்கு நல்லம்."

பிறகு ஒரு படி குறைத்தார். ஆனால் வெற்றி நிபந்தனையில் அவர் இறங்கிவரவே இல்லை. மற்ற எல்லா நாடுகளுக்கும் இத்தனை நகரங்களைப் பிடித்தால் வெற்றி. பெல்லிகளுக்கு மட்டும், ஆட்டம் முடிகிற கடைசி முறையில் செகேடா நின்றால் வெற்றி. வேறொன்றும் பிடிக்கத் தேவையில்லை. இது சோம்பேறி விளையாட்டு என்று குழுவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இருக்கிற எடத்துல இருக்கிறது எவ்வளவு வேலைன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்று ஸ்டெல்லா அக்கா எழுதிவிட்டு இரண்டு நாள் குழுப்பக்கமே வரவில்லை. எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் எங்கள் அப்பா வாங்கிய வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து சிரித்தவன்.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று தோட்டத்துக்கு, ஸ்டெல்லா அக்காவின் பெயருக்கே. பின்மதிலை அகற்றவும். உயர்த்தக்கூடாது என்ற வரி இப்போதும் அதில் இல்லை. இறந்தவரின் பெயருக்குக் கடிதம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அவரைக் கொன்ற தண்ணீர் எங்கே நிற்கிறது என்று இன்னும் தெரியாது.

மற்றது நிரோஷனிடமிருந்து. இந்த விளையாட்டில் இத்தனை நாடுகள்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறது. புதிதாக ஒரு ஜெர்மானிய இனத்துக்கு இடம் வேண்டும், நிறையப் பேர் கேட்கிறார்கள். "பெல்லியைப் பக்கத்துப் பெரிய குடி அரேவசியோட சேர்த்து கெல்டிபேரியர் எண்டு ஒண்டாப் போடுவம். எல்லாம் ஒரே மாதிரிச் சனம்தானே. அக்கான்ர பேரில ஒரு குதிரைப்படை வைப்பம், நல்ல மரியாதையா இருக்கும்."

நிரோஷன் கெட்டவன் இல்லை. செய்தி கேட்டு அழுதவன். ஆனால் சின்னதைப் பெரியதோடு சேர்த்து ஒரே பெயர் போட்டு, அதற்கு மரியாதை என்றும் சொல்லுகிற பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருக்கிறது. ஏலாது என்று எழுதினேன்.

"மச்சான், இது கேம் தானே?" என்றான்.

"கேம்தான். அதில கூட ஒரு ஊர விட்டுவைக்க ஏலாதா?"

பெல்லிகளின் கோப்பு என்னிடம் இருக்கிறது, தரமாட்டேன். குழுவை விட்டு விலக்கினால் விலக்கட்டும். பெல்லிகளை வைத்துத் தனியாக வெளியிடுவேன். ஸ்டெல்லா அக்காவின் பெயரில் குதிரைப்படை வேண்டாம். பெல்லிகள் குதிரையில் ஏறி யாரையும் பிடிக்கப் போகவில்லை.

தோட்டத்துக் கடிதத்துக்கும் பதில் போய்விட்டது. றொபின் சொல்ல நான் தட்டச்சு செய்தேன், நாற்பது வீடும் ஒப்பமிட்டது. புதிதாக ஒன்றும் கட்டவில்லை, இருந்ததை உயர்த்தினோம், தடுக்கும் வரியைக் காட்டவும். கீழே கட்டடத்துத் தண்ணீர் பற்றி நான்காவது முறைப்பாடு. போன ஞாயிறு நானும் றொபினும் அந்த மதிலுக்கு இன்னொரு வரிசைக் கல் வைத்தோம். என் வரிசை கோணல். தோட்டத்துப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். மழைக்கு அது போதும்.

அவருடைய மடிக்கணினியை றொபின் என்னிடம் தந்தார். அதில் அவர் கடைசியாக விளையாடிய ஆட்டம் அப்படியே இருக்கிறது. முடிவதற்கு இன்னும் முப்பத்தொரு முறை. சாப்பாட்டு நேரத்தில் நாளுக்கு ஒரு முறை மட்டும் நகர்த்துகிறேன், சேமிப்புக்குத் திரும்பிப் போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு ஊர். இன்று மத்தியானமும் திறந்தேன். மதிலுக்கு வெளியே மூன்று ரோமப் படைகள் நிற்கின்றன.

நிற்கட்டும்.